பெட்டிக்குள் இருந்த காற்று

அறுபத்து இரண்டு காட்டுகிறது. அப்படியென்றால் அறுபத்து எட்டு. இந்த மீட்டர் எப்போதும் ஆறு குறைத்துத்தான் சொல்லும். காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் இதை வாங்கினோம், அதுவும் நம்மிடம் மறைக்கிறது. எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி மூஞ்சி வேறு. ஈரம் அளவாக இருந்தால் சிரிக்கும், கூடினால் வாயைக் கீழே இழுத்துக்கொண்டு உம்மென்று இருக்கும். காலையில் கரண்ட் போகிற வரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தது. இப்போது உம். மாதத்துக்கு ஒருநாள் பராமரிப்பு என்று காலையில் பிடுங்கினால் சாயங்காலம்தான் தருவான் ஈபிக்காரன், அதையும் மழை மாதத்தில் எந்த நாள் ரொம்ப ஈரமோ அந்த நாளாகப் பார்த்து வைப்பான். இன்வெர்ட்டரில் லைட் எரியும், ஃபேன் சுற்றும், ஏசி ஓடாது. ஏசி நின்றால் இந்த அறைக்குள் கடல் வந்துவிடும் என்று இவர் சொல்லுவார். கடல் நாலு தெரு தள்ளி இருக்கிறது, ஆனாலும் வந்துவிடும், ஜன்னல் இடுக்கில், கதவுக்கு அடியில். வந்துகொண்டுதான் இருக்கிறது. என் கழுத்துக்கு வந்துவிட்டது. அடுப்படியில் உப்பு டப்பாவுக்கு வந்துவிட்டது, கரண்டியை விட்டுக் குத்தினால்தான் பெயர்கிறது. பிரிட்ஜின் மேல் வைத்த அப்பளம் நனைந்த காகிதமாகிவிட்டது. இங்கே கட்டிலின் மேல் நீளமான கறுப்புப் பெட்டி, அதற்குள் கிட்டார், பெட்டியின் மேல் இந்த மீட்டர், பக்கத்தில் நாற்காலி போட்டு நான். கிட்டாருக்குச் சொந்தக்காரர், என் வீட்டுக்காரர், கல்லறையில் இருக்கிறார். வருகிற சனிக்கிழமை அவருக்கு வருசப் பூசை.

பெர்னத் காலையிலேயே போன் பண்ணிவிட்டாள். இவருடைய தங்கை, கோயிலில் இவர் வாசிக்க அவள் பாட, ஊரில் பாதிக் கல்யாணம் இவர்கள் இரண்டு பேர் வாயிலும் கையிலும்தான் நடந்தது. 'மைனி, சாப்பிட்டீயளா' என்று ஆரம்பித்தாள். அவள் அப்படி ஆரம்பித்தால் ஏதோ கேட்கப்போகிறாள் என்று அர்த்தம். 'சாப்பிட்டேன், சொல்லு.' 'வருசப் பூசைக்கு அண்ணன் கிட்டாரையே வாசிச்சா நல்லாருக்கும்னு கொயர்ல எல்லாரும் சொல்லுதாவ மைனி. நானே வாசிக்கேன். நாலு மணிக்கு வந்து எடுத்துக்கிடட்டா? பூசைக்கு முந்தி ஒருக்கா வாசிச்சுப் பாக்கணும்லா.' வேண்டாம் என்று சொல்ல வேண்டுமானால் ஒரு காரணம் வேண்டும். என்னிடம் ஒன்று இருக்கிறது, ஆனால் வெளியில் சொன்னால் இவளுக்கு மறை கழன்றுவிட்டது என்பார்கள். வா என்று சொல்லிவிட்டேன். காரணம் இதுதான்: மதுரை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பின அன்று காலையில் இவர் கையால் மூடின பெட்டி இது, அதற்குப் பிறகு நான் திறக்கவில்லை. மூடும்போது இந்த அறையின் காற்று கொஞ்சம் உள்ளே போயிருக்கும் இல்லையா, இவர் காற்று, சிகரெட்டை விட்டபின் நாள் முழுக்க வாயில் அடக்கிக்கொண்டிருந்த கிராம்பு, சந்தனப் பவுடர், சட்டைக் காலர் வேர்வை. அது வேறு எங்கேயும் இல்லை. எங்கேயும் என்றால் எங்கேயும். அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் நான் மாத்திரை போட்டுத் தூங்கி எழுந்து வருகிறேன், மொட்டைமாடிக் கொடி நிறைய இவர் சட்டை, கைலி, துண்டு, தலையணை உறை, போர்வை, எல்லாம் சொட்டிக்கொண்டு நிற்கிறது. பெர்னத் கையெல்லாம் சோப்பு நுரை. 'நீங்க ஒண்ணும் செய்யாண்டாம் மைனி, எல்லாத்தையும் துவச்சுப் போட்டுட்டேன்.' அழுதுகொண்டே துவைத்திருக்கிறாள், கண் இரண்டும் வீங்கிக் கிடக்கிறது. அவளை என்ன சொல்ல. பாசத்தில் செய்தது. அலமாரிக்குள் தலையை விட்டுப் பார்த்தேன், செருப்பை மோந்து பார்த்தேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன், செருப்பையும் மோந்து பார்த்தேன். பிறகுதான் இந்தப் பெட்டி ஞாபகத்துக்கு வந்தது. கொக்கியில் கையை வைத்துவிட்டு எடுத்துவிட்டேன். திறந்தால் ஒருதரம்தான் கிடைக்கும். மூடி வைத்திருக்கிற வரைக்கும் இருக்கும்.

இருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஒரு வருசம் ஓட்டியாகிவிட்டது. மகள் ஷெரின் பெங்களூரிலிருந்து போனில் சண்டை போடுவாள். 'ஆளில்லாத ரூமுக்கு எதுக்கும்மா ஏசி?' கிட்டாருக்கு என்றால், 'அப்பாவே இல்ல' என்பாள், பிறகு அவளே பேச்சை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவாள். கிட்டாருக்காகத்தான். ஆனால் கிட்டாருக்காக மட்டும் என்றால் நான் பெட்டியைத் திறந்து உள்ளே இருக்கிற சிலிக்காவை மாற்றியிருக்க வேண்டும். நீலக் குருணை, ஈரத்தைக் குடிக்கும், குடித்து முடித்தால் ரோஸ் நிறமாகிவிடும், பிறகு அதற்கு ஒரு சொட்டு இறங்காது. இவர் மாதம் தவறாமல் அதை எடுத்து இரும்புச் சட்டியில் வறுத்து மறுபடி நீலமாக்குவார். முதல் தடவை என் தோசைக்கல்லில் போட்டு வறுத்துவிட்டார். அடுப்படியில் என்னவோ கருகுதே என்று போய்ப் பார்த்தால் மனுசன் கரண்டியை வைத்துக் கடலை மாதிரி கிளறிக்கொண்டு நிற்கிறார். 'நாளைக்கு இந்தக் கல்லுல யாரு தோசை திம்பா?' என்று நான் கத்தின கத்தில் மறுநாளே தனிச்சட்டி வாங்கிவந்துவிட்டார். அந்தச் சட்டி பரண் மேல் கிடக்கிறது. ஒரு வருசமாக வறுக்காத குருணை உள்ளே எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா. வெளியில் ஏசி போட்டு, மீட்டர் பார்த்து, காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், உள்ளே மரம் என்ன பாடுபடுகிறதோ. திறந்தால் அவர் போய்விடுவார், திறக்காவிட்டால் அவருடைய கிட்டார் போய்விடும். இதிலேயே சுற்றிச் சுற்றி வருகிறேன். அறுபத்து நாலு ஆகிவிட்டது. ஆறு கூட்டினால் எழுபது.

எழுபதெல்லாம் இந்தக் கிட்டார் பார்க்காததில்லை. அது வந்த புதிதில் நடந்த கூத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆற்றாமைதான். இவர் துறைமுகத்தில் சரக்கு எண்ணுகிற கிளார்க், கப்பலில் வேலை பார்த்த கூட்டாளி ஒருவர் ஜெர்மனியில் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். கூடவே ஒரு பச்சை ரப்பர் குழாய், உள்ளே பஞ்சு. தினமும் தண்ணீரில் முக்கிப் பிழிந்து கிட்டாரின் வயிற்று ஓட்டைக்குள் தொங்கவிடச் சொல்லி அதன் அட்டையில் எழுதியிருந்ததாம். இவரும் ஜெபமாலை சொல்லுகிற மாதிரி காலையில் எழுந்ததும் அதைத்தான் செய்தார். இரண்டு மாதத்தில் கிட்டாருக்கு வயிறு தள்ளிவிட்டது. கம்பிகள் மேலே ஏறி, அழுத்தினால் விரல் நோகிறது, சத்தம் போர்வைக்குள் இருந்து வருகிறது. தனக்கு வயசாகி விரல் ஓய்ந்துவிட்டது என்று இவர் நினைத்துக்கொண்டு இரவில் கையை நீவிவிடச் சொல்லுவார். 'உங்க விரலுக்கு ஒண்ணுமில்ல, அவ மாசமா இருக்கா, தலைப்பிரசவத்துக்கு உங்க தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிருங்க' என்றேன். பிறகுதான் தெரிந்தது, அது பனி பெய்கிற ஊருக்கான குழாய். அங்கே குளிருக்கு வீட்டுக்குள் ஹீட்டர் போட்டு, காற்று வறண்டு, மரம் வெடிக்குமாம், அதற்கு ஈரம் ஊட்டுகிற ஏற்பாடு. இங்கே தூத்துக்குடியில் உட்கார்ந்துகொண்டு, துவைத்த துணி மூன்று நாள் காயாத மழை மாதத்தில், இந்த மனுசன் அதற்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று துணிப்பையில் அரிசி கட்டிப் போட்டார், வண்டு வந்தது, பூசை நடுவில் கிட்டார் ஓட்டையிலிருந்து ஒரு வண்டு ஏறி வந்து பெர்னத் பாட்டுப் புத்தகத்தில் நடந்து போனது. அவள் பாட்டை விடாமல் ஊதித் தள்ளினாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து மூன்று பேரும் சிரித்த சிரிப்பு எனக்குக் காதில் இருக்கிறது, ஆனால் இவர் சிரிப்பை மட்டும் தனியாகக் கேட்க முயன்றால் கிடைக்கமாட்டேன் என்கிறது. பெர்னத் சிரிப்புதான் கேட்கிறது.

மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்க உப்பு வேண்டும் என்று என்னிடம் வந்து கேட்டதும் அந்த வருசம்தான். உப்பளத்தில் கணக்குப் பார்த்தவர் மகளிடம் உப்பு கேட்கிறார். எங்கள் வீட்டில் காற்றைப் பற்றிப் பேசாத நாள் கிடையாது, மேற்கேயிருந்து காய்ந்த கச்சான் காற்று அடித்தால் பாத்தியில் உப்பு பூக்கும், அப்பா சிரிப்பார், கிழக்கே கடல் பக்கமிருந்து கொண்டல் வந்து ஈரம் இறங்கினால் அவர் முகத்தைப் பார்த்து யாரும் பேசமுடியாது. கல்யாணம் பண்ணி வந்த வீட்டிலும் அதே கதை, உப்புக்குப் பதில் கிட்டார். பாட்டில் மூடியில் ஒரு கரண்டி உப்பு, அது நனைகிற அளவு தண்ணீர், கரையக் கூடாது, சேறாக இருக்க வேண்டும். அதையும் மீட்டரையும் ஒரு கவரில் போட்டுக் காற்றுப் புகாமல் மூடி மறுநாள் வரை வைக்க வேண்டும். ஈர உப்புக்கு மேலே இருக்கிற காற்று எங்கே வைத்தாலும் எழுபத்தைந்துதான் காட்ட வேண்டுமாம். 'ஜெர்மனிலயும் எழுபத்தஞ்சு, தூத்துக்குடிலயும் எழுபத்தஞ்சு மார்த்தா, உப்புக்கு ஓரவஞ்சனை கெடையாது' என்று என்னவோ எங்கப்பாவே கண்டுபிடித்த மாதிரி என்னைப் பார்த்துப் பெருமையாகச் சொன்னார். மறுநாள் எடுத்துப் பார்த்தால் அறுபத்து ஒன்பது. 'தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்க' என்றேன். 'எதுக்கு? எவ்வளவு பொய் சொல்லுதுன்னு தெரிஞ்சுபோச்சுல்லா. இனி ஆறைக் கூட்டிக்கிடுவோம்.' அப்படித்தான் இந்த வீட்டில் எந்த எண்ணைப் பார்த்தாலும் ஆறைக் கூட்டுவது பழக்கமாயிற்று. ஒருதரம் காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரைப் பார்த்தும் கூட்டிவிட்டேன்.

ஏசிக்குப் பின்னால் வெளியே குழாயில் தண்ணீர் சொட்டும், அதற்கு ஒரு பக்கெட். நிறைந்ததும் இவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். 'பாத்தியா, இம்புட்டுத் தண்ணியும் அவ வயித்துக்குள்ள போயிருக்க வேண்டியது.' அந்தத் தண்ணீரில் நான் வீடு துடைப்பேன். இன்றைக்குப் பக்கெட் காய்ந்து கிடக்கிறது. தண்ணீர் எல்லாம் உள்ளேயே இருக்கிறது. உள்ளேயே இருக்கிறது என்றால் எனக்கு ஆஸ்பத்திரியில் பார்த்த அந்தக் கண்ணாடிப் பாட்டில்தான் ஞாபகம் வரும், வேண்டாம் என்றாலும் வரும். கோயில் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறது என்று முதலில் படியைக் குறை சொன்னார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று தலையணையைக் குறை சொன்னார். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு இருதயம் தளர்ந்துவிட்டது, நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்றார். முதுகில் ஊசியைப் போட்டுக் குழாய் வழியாக எடுத்தார்கள், மஞ்சள் தண்ணீர், பாட்டில் நிறைய. இவர் திரும்பிப் பார்த்துவிட்டு, 'ஏசி பக்கெட்டு மாதிரில்லா நெறையுது' என்றார். நர்சுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, எனக்கு அந்த இடத்திலேயே இவரை ஓங்கி ஒன்று வைக்க வேண்டும் போல வந்தது. மரத்துக்குள் எவ்வளவு ஈரம் என்று தினமும் குனிந்து பார்த்த ஆள், தன் நெஞ்சுக்குள் இவ்வளவு சேர்கிற வரைக்கும் சும்மா இருந்திருக்கிறார். அதற்கு ஒரு மீட்டர் இல்லாமல் போயிற்று. எடுத்தபின் இரண்டு வாரம் நன்றாக இருந்தார், மறுபடியும் நீர் கோத்தது, மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ரெண்டு நாள், ஊசியைப் போட்டு எடுத்துட்டு அனுப்பிருவான் என்றார். பல் தேய்க்கிற பிரஷ் எடுத்துவைக்கும்போதுகூட, பழைய பிரஷ் போதும், ரெண்டு நாளுக்கு எதுக்குப் புதுசு என்றார். நானும் நம்பினேன். நம்பித்தான் பெர்னத்துக்குப் போன் பண்ணி, நீ அலைய வேண்டாம், ரெண்டு நாளில் வந்துவிடுவோம் என்று சொன்னேன். அவள் வரவில்லை. இவரும் வரவில்லை. வந்தது உடம்புதான், ஆம்புலன்சில்.

அறுபத்தேழு. இனி கூட்டிப் பார்க்கவும் எனக்குத் தெம்பில்லை. பெர்னத் நாலு மணிக்கு வருவாள், வந்ததும் பெட்டியைத் திறப்பாள், ஃபேனுக்கு அடியில், கதவெல்லாம் திறந்துகிடக்க, 'அய்யோ மைனி' என்று வாயாடிக்கொண்டே திறப்பாள், உள்ளே இருப்பது எது என்று தெரியாமல் அதைக் காற்றில் விட்டுவிடுவாள். துணியைத் துவைத்த மாதிரி. அவளை முந்திக்கொண்டு நான் திறக்க வேண்டும், இல்லையென்றால் அவளிடம் சொல்ல வேண்டும். என்னவென்று சொல்ல. உங்க அண்ணன் வாசம் உள்ளே இருக்கு, நீ வெளியே போ என்றா. சொன்னால் போய்விடுவாள், அது வேறு விஷயம், போய் வாசலில் உட்கார்ந்து அழுவாள், அவள் துவைத்ததற்காக நான் இன்றுவரை அவளைக் கறுவிக்கொண்டிருக்கிறேன் என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். கறுவிக்கொண்டுதான் இருக்கிறேன். திறக்க வேண்டியதுதான். திறந்து, ஒருதரம், நெஞ்சு நிறைய எடுத்துக்கொண்டு, பிறகு யாருக்கு வேண்டுமோ கொடுத்துவிடலாம். எழுந்து ஜன்னல் கொக்கிகளைப் போட்டேன். கதவைச் சாத்தி அடியில் துண்டைச் செருகினேன். ஃபேனை நிறுத்தினேன். நிறுத்தியதும் முதுகில் வேர்வை இறங்க ஆரம்பித்தது, என் வேர்வை நாற்றம் அவர் வாசத்தோடு கலந்துவிடுமோ என்று கழுத்தைத் துடைத்துக்கொண்டேன். என்ன பெண்பிள்ளை நான், புருசனை மோந்து பார்க்க முகம் கழுவிப் பவுடர் போடுவேன் போலிருக்கிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று மீட்டரை எடுத்துக் கீழே வைத்தேன். கொக்கிகள் துருப்பிடித்து விட்டன, உப்புக்காற்று. கடைசிக் கொக்கி மாட்டிக்கொண்டது, வளையலை வைத்து நெம்பினேன். மூச்சை வெளியே விட்டுவிட்டு, காலியாக, மூடியை ஒரு கை அளவுக்குத் தூக்கி முகத்தை உள்ளே கொடுத்தேன்.

பூஞ்சை வாசனை. ஈரத்துணியை மடித்து அலமாரிக்குள் மறந்துபோனால் வருமே, அது. இன்னும் உள்ளே, இன்னும் உள்ளே என்று மூக்கை வெல்வெட் துணியில் வைத்துத் தேய்த்தேன், தோளில் மாட்டுகிற வார் கிடக்கிற மூலையில், கழுத்துக்கு அடியில், வயிற்று ஓட்டைக்குள். மரம், துரு, பூஞ்சை. கிராம்பு இல்லை. இவர் இல்லை. எப்போது போனார் என்று தெரியவில்லை, போன மாதமோ, முதல் வாரமோ, ஒருவேளை ஒருநாளும் உள்ளே இருக்கவில்லையோ, நான் ஏசி போட்டு ஒரு வருசம் காத்தது இந்தப் பூஞ்சையைத்தானோ. மூடியை முழுவதும் திறந்தேன், இனி என்ன. கறுப்பு வெல்வெட்டில் சாம்பல் பூத்திருக்கிறது, வாரில் வெள்ளைப் புள்ளிகள். சிலிக்காப் பொட்டலம் எப்போதும் இரண்டு போடுவார், இங்கே வீட்டில் இருந்ததெல்லாம் கிடக்கிறது, தலைப்பக்கம், கால்பக்கம், ஓட்டைக்குள் நூலில் கட்டித் தொங்க ஒன்று, எல்லாம் ரோஸ். அப்போதுதான் கம்பிகளைப் பார்த்தேன். விரல் பட்டதும் தொளதொளவென்று ஆடின. ஆறும் தளர்ந்து, கொடியில் துணி எடுத்தபின் கயிறு கிடக்கிற மாதிரி கிடக்கின்றன. முதலில் ஈரத்தில் இப்படி ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். பிறகு மேலே பார்த்தேன், கம்பியை முறுக்குகிற ஆறு கீயும் ஒரே பக்கமாகத் திருப்பி வரிசையாக நிற்கிறது. ஈரம் கீயைத் திருப்பாது. கை திருப்பியிருக்கிறது. இவர் கம்பியைத் தளர்த்துகிற ஆள் இல்லை. நாங்கள் வேளாங்கண்ணி போனபோதும், ஷெரின் பிரசவத்துக்கு ஒரு மாதம் பெங்களூரில் இருந்தபோதும் தளர்த்தவில்லை. திரும்பி வந்து வாசிக்கப்போகிறவன் தளர்த்த மாட்டான், இனி எடுக்க ஆளில்லை என்றால்தான் தளர்த்தி வைக்க வேண்டும், இழுத்துக்கொண்டே கிடந்தால் ஈரத்தில் கழுத்து வளைந்துவிடும் என்று வாயால் சொன்னவர். சொன்னவர்தான் இதைச் செய்திருக்கிறார். எப்போது செய்தார் என்பதும் எனக்குத் தெரியும். அன்று காலை கார் வாசலில் நிற்கிறது, பையெல்லாம் ஏற்றியாகிவிட்டது, இந்த அறைக் கதவு சாத்தியிருக்கிறது. 'ஏங்க, உள்ள என்ன செய்தீய, டிரைவர் நிக்காம்லா.' 'இந்தா வாரேன்.' 'தலை சீவுததுக்கு இவ்வளவு நேரமா?' 'சீவியாச்சு, வாரேன்.' வந்தார், மூச்சு வாங்கிக்கொண்டு. தலை சீவியிருக்கவில்லை. காரில் என் சீப்பால் நான்தான் சீவிவிட்டேன், சின்னப் பிள்ளை மாதிரி தலையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பழைய பிரஷ் போதும் என்ற வாய். ரெண்டு நாளில் வந்துருவேன் என்ற வாய். நான் எத்தனை கூட்டிப் பார்த்திருக்க வேண்டும். 'எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே' என்று கிட்டாரைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னேன். 'தெரிஞ்சும் ஒரு வார்த்தை சொல்லலியே. இதுகிட்டச் சொல்லியிருக்கீய, எங்கிட்டச் சொல்லலியே. நான் கார்ல பின்சீட்டுக்கும் ஏசி போடச் சொல்லி டிரைவர்கிட்ட சண்ட போட்டுட்டு வந்தேனே, அந்த நேரத்துல உங்க கையைப் பிடிச்சிட்டு வந்துருப்பேனே.'

பெர்னத் வந்தபோது நான் தரையில்தான் உட்கார்ந்திருந்தேன். செருகியிருந்த துண்டைத் தள்ளிக்கொண்டு கதவைத் திறந்தாள், இவ்வளவு புழுக்கத்தில் ஃபேன்கூடப் போடாமல் என்ன மைனி என்று சொல்ல வந்தவள் பெட்டி திறந்திருப்பதைப் பார்த்து நின்றுவிட்டாள். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முந்தானையால் மரத்தைத் துடைத்தாள். நன்றாகத்தான் துடைத்தாள், நோகாமல், குழந்தை முகத்தைத் துடைப்பதுபோல. வயிறு தள்ளவில்லை, வெடிப்பு இல்லை, கழுத்து நேராக இருக்கிறது என்று கண்ணருகில் தூக்கிப் பார்த்துச் சொன்னாள். 'தப்பிச்சிட்டு மைனி.' கையால் ஒருதரம் கம்பிகளைத் தடவினாள். 'கம்பியெல்லாம் எறங்கிக் கெடக்கே. அண்ணன் எறக்க மாட்டாவளே. யாரு எறக்குனா?' அவள் முகத்தைப் பார்த்தேன், இந்த நிமிசம் வரைக்கும் அண்ணன் நம்பிக்கையோடுதான் போனார் என்று நினைத்துக்கொண்டிருக்கிற முகம். நான் இப்போது பட்டதை அவளும் படவேண்டுமா. 'நான்தான்' என்றேன். 'நீங்களா? எப்பம்?' போன மாதம் என்று சொல்லியிருக்கலாம், ஏதாவது ஒரு நாளைச் சொல்லியிருக்கலாம், ஆனால் என் வாயில் அந்த ஒரு காலைதான் இருந்தது. 'மதுரைக்குப் பொறப்பட்ட அன்னைக்கு.' சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவள் கை கம்பியின் மேலேயே நின்றுவிட்டது. இவர்தான் அவளுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுத்தவர், தளர்த்தினால் என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும்.

'அப்பம் உங்களுக்குத் தெரியும்' என்றாள். 'ரெண்டு நாள்ல வந்துருவோம்னு சொன்னீயளே மைனி. நான் பொறப்பட்டு நின்னேன், வராண்டாம்னுட்டீய. ஒருக்கா வந்து முகத்தைப் பாத்துருப்பேம்லா.' கம்பியிலிருந்து கையை எடுத்தாள். 'தெரிஞ்சும் ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லலியே.' வெளியே எங்கோ ஒரு வீட்டில் மோட்டார் ஓட ஆரம்பித்தது, கரண்ட் வந்துவிட்டது, தலைக்கு மேல் ஏசி ஒரு சத்தம் கொடுத்துவிட்டு ஓடத் தொடங்கியது. இல்லை, நான் இறக்கவில்லை, உங்க அண்ணன்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் அவள் என்னை விட்டுவிட்டு அவரிடம் போய் இதையே கேட்பாள். கேட்டுக்கொண்டே இருப்பாள், இனி நான் கேட்கப்போகிற மாதிரி. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

'எப்படிட்டி சொல்ல' என்றேன். நான் கேட்டிருந்தால் அவரும் இதைத்தான் சொல்லியிருப்பார்.